முதலில் ஆயில் சேம்பரைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு வாகன இணைப்பில் சென்ற வாரம் வெளியான, பந்தயத்துக்காகக் கார் இன்ஜினைத் தயார் செய்வது பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கேம் ஷாஃப்ட், பிஸ்டன், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ ஆகியவை குறித்து அதில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் சரியானவையே. ஆனால் எண்ணெய் அமைப்புக்கென்று ஒதுக்கப்பட்ட நான்கு வரிகளில், அதிகக் கொள்ளளவுள்ள ஆயில் பம்பு, கிடைப்பதிலேயே கெட்டியான எண்ணெய், பெரிய ஆயில் கூலர் ஆகிய மூன்றையும் வாங்கிப் பொருத்திவிட வேண்டும் என்றும், ஆயில் அழுத்த மீட்டரின் முள் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவுக்கு இன்ஜின் பத்திரமாக இருக்கும் என்றும் எழுதியிருப்பதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. கோவையில் முப்பது ஆண்டுகளாக சிலிண்டரைக் கடையும் ரீபோர், இன்ஜினின் சுழல் தண்டான கிராங்கைத் தேய்த்துச் சரிசெய்யும் கிரைண்டிங் வேலைகளைச் செய்யும் பட்டறை நடத்திவருகிறேன். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடி, கன்ராட் பேரிங் (பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் தண்டின் தாங்கி) உருகி, மினி லாரியில் ஏற்றப்பட்டு என் பட்டறைக்கு வந்து சேர்ந்த இன்ஜின்கள் பல. அவற்றுள் கணிசமானவை இந்த நான்கு வரி அறிவுரையின்படியே கட்டப்பட்டிருந்தன.

இரண்டு மாதங்களுக்கு முன் வந்த ஒரு மாருதி எஸ்டீம் இன்ஜினை எடுத்துக்கொள்கிறேன். சிலிண்டரின் விட்டமான போர் 74 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக் 75.5 மில்லிமீட்டர், 1298 சிசி, 16 வால்வு. நம் ஊர்ப் பந்தயப் பிள்ளைகளுக்கு மனப்பாடமான இன்ஜின். அதைக் கட்டிய இளைஞர் பொறியியல் படித்தவர், கவனமானவரும்கூட. வால்வு ஸ்பிரிங்குகளை மாற்றி நிமிடத்துக்கு 7,500 சுற்று வரை ஓட்டத் திட்டமிட்டவர், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் பம்பின் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து அழுத்தத்தை ஏற்றி, 20டபிள்யூ60 என்ற கெட்டியான எண்ணெய் ஊற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் பெரிய கூலரையும் மாட்டியிருந்தார். நேர்ப்பாதையில் 85 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 85 பவுண்டு) காட்டிய மீட்டரைக் கைபேசியில் படம்பிடித்தும் வைத்திருந்தார். பந்தயத் தளத்தின் பதினோராவது சுற்றில் இன்ஜின் தட்டத் தொடங்கியது. இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சேம்பரைக் கழற்றிப் பார்த்தபோது மூன்றாம் சிலிண்டரின் கன்ராட் பேரிங் செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்து, அந்த பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதியான ஜர்னல் நீலம் பாரித்துக் கிடந்தது. பம்பு எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் உள்ள ஸ்ட்ரெய்னர் வலையில், கசியாமலிருக்க இணைப்புகளில் தடவும் கேஸ்கட் சிலிகானின் இரண்டு துண்டுகள், பச்சைப் பயறு அளவில், ஒட்டிக்கொண்டிருந்தன. சேம்பருக்குள் தடுப்புத் தகடு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. அவர் செலவழித்த பணமெல்லாம் சேம்பருக்கு வெளியே போயிருந்தது. கோளாறு முழுவதும் சேம்பருக்கு உள்ளே இருந்தது.

எண்ணெய் அமைப்புக்கான பாகங்களை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது என்பதே கேள்வி. எண்ணெய் எந்த வழியாகப் போகிறதோ அதே வழியில்தான் தேர்வும் போக வேண்டும் என்பது என் கருத்து. ஸ்ட்ரெய்னரின் வாய் எப்போதும் எண்ணெயில் மூழ்கியிருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். பேரிங் இடைவெளிகளை அளந்து எவ்வளவு எண்ணெய் தேவை என்று அறிய வேண்டும். அதற்குப் பிறகுதான் பம்பு, எண்ணெயின் தரம், ஃபில்டர், கூலர் என்று ஒவ்வொன்றாகப் போக முடியும். கட்டுரை இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது.

பேரிங்கைக் காப்பாற்றுவது பம்பின் அழுத்தம் என்ற எண்ணம்தான் இந்தக் குழப்பத்துக்கு வேர். 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்பவர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, பேரிங்கின் மேல்பக்கம் எண்ணெய் ஊற்றுவதற்காகப் போட்ட துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. மரக்கட்டையால் அடைத்துப் பார்த்தார். அடைப்பையும் அது வெளியே தள்ளிவிட்டது. பம்பே இல்லாத அந்தச் சோதனையில் எண்ணெய்க்கு அவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வந்தது என்பதை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்கிட்டுக் காட்டினார்: சுழலும் தண்டு தானே எண்ணெயை ஆப்பு வடிவ இடுக்குக்குள் இழுத்துச் செல்கிறது, அங்கு பிறக்கும் அழுத்தமே பாரத்தைத் தாங்குகிறது. இன்றைய கார் இன்ஜினின் கன்ராட் பேரிங்கில் அந்த அழுத்தம் பல ஆயிரம் பிஎஸ்ஐ வரை போகும். பம்பு தரும் அறுபதோ எழுபதோ அதன் முன் ஒன்றுமில்லை. ஓரங்களில் கசிந்து வெளியேறும் எண்ணெய்க்கு ஈடாகப் புதிய எண்ணெயை இடைவிடாமல் கொண்டுவந்து சேர்ப்பதும், அதன் மூலம் பேரிங்கின் சூட்டை எடுத்துச் செல்வதும்தான் பம்பின் வேலை.

அப்படியானால் அழுத்தமே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், அதற்குக் காரணம் வேறு. கிராங்கை இன்ஜின் பிளாக் தாங்கும் இடமான மெயின் ஜர்னலில் நுழையும் எண்ணெய் கிராங்குக்குள் போட்ட துளை வழியாகக் கன்ராட் ஜர்னலுக்குப் போக வேண்டும். அந்தத் துளை தண்டின் மையத்தைக் கடந்து செல்லும்படி குறுக்காக இடப்பட்டிருந்தால், வெளியே வீசும் சுழற்சி விசையை எதிர்த்து எண்ணெய் மையம் வரை ஏறியாக வேண்டும். 45 மில்லிமீட்டர் மெயின் ஜர்னலுக்குக் கணக்கிட்டுப் பார்த்தால், 6,000 சுற்றில் இதற்கு மட்டும் ஏறத்தாழ 12 பிஎஸ்ஐ, 8,000 சுற்றில் ஏறத்தாழ 22 பிஎஸ்ஐ செலவாகிறது; வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இது உயர்கிறது. ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ என்று பழைய பந்தய மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கில் இதற்கான இருப்பும் போதிய அளவு அடங்கியிருக்கிறது. 7,500 சுற்று ஓடும் இன்ஜினுக்குச் சூடான நிலையில் 70 முதல் 75 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் ஏற்றுவது பம்பை இழுக்கும் சக்தியையும் எண்ணெயின் சூட்டையும்தான் கூட்டும்.

எவ்வளவு எண்ணெய் தேவை என்பதைத் தீர்மானிப்பது பேரிங் இடைவெளி. ஜர்னல் விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற பொதுக் கணக்குப்படி, 45 மில்லிமீட்டர் ஜர்னலுக்கு 0.045 மில்லிமீட்டர் வருகிறது. பந்தய இன்ஜின் என்றால் இடைவெளியைத் தாராளமாக விட வேண்டும் என்று எங்கோ கேட்டுவிட்டு 0.06 வரை விடுகிறார்கள். இடைவெளி வழியாகக் கசியும் எண்ணெயின் அளவு இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தை (அதை அதனாலேயே மூன்று முறை பெருக்கி வரும் அளவை, அதாவது கனத்தை)ப் பொறுத்து உயர்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. 0.045 என்பது 0.06 ஆனால், இடைவெளி மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. கசிவோ இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. கசிவு கூடியதால் மீட்டரில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்ததைப் பார்த்துப் பெரிய பம்பு. பம்பு போதவில்லை என்று கெட்டியான எண்ணெய். கிரைண்டிங் செய்தவரும் இன்ஜின் கட்டியவரும் மைக்ரோமீட்டரையும் போர் கேஜையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் இந்தச் சங்கிலி தொடங்கியே இருக்காது. பிளாஸ்டிகேஜ் என்ற மென்மையான இழையை இடைவெளியில் வைத்து நசுக்கிப் பார்ப்பது கடைசியில் ஒரு சரிபார்ப்புக்கு நல்லதுதான். அதை மட்டும் நம்பிப் பந்தய இன்ஜினை மூடிவிடக் கூடாது. பேரிங் மூடிகளை உரிய முறுக்கில் இறுக்கிய பிறகே உள்விட்டத்தை அளக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இறுக்காமல் அளந்து கொண்டுவந்த கணக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதிகக் கொள்ளளவுள்ள பம்பு என்ற அறிவுரை அமெரிக்க வி8 இன்ஜின்களிலிருந்து வந்தது. 1955-இல் வந்த செவ்ரோலெட் ஸ்மால் பிளாக் இன்ஜினில் ஆயில் பம்பு, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் அடியில் தொங்குகிறது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் பம்பு ஒரு சுற்றுதான் சுற்றும். அதில் பல்சக்கரங்களை உயரமாக்கி, ஒரு சுற்றுக்கு 25 சதவீதம் கூடுதல் எண்ணெய் தரும் பம்பைப் போடுவது, இடைவெளி தாராளமாக விடப்பட்ட பெரிய இன்ஜினுக்குப் பொருத்தமாக இருக்கலாம். அங்கும்கூட, கூடுதல் சுமையால் பம்பை ஓட்டும் தண்டும் டிஸ்ட்ரிபியூட்டர் கியரும் தேய்வது தெரிந்த சங்கதி. நம் கையில் இருக்கும் ஜப்பானிய வழி நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் பம்பு கிராங்கின் மூக்கிலேயே உட்கார்ந்து, கிராங்கின் முழு வேகத்தில் சுழல்கிறது. 7,500 சுற்றில் இந்தப் பம்புக்கு எண்ணெயை வெளியே தள்ளுவது கஷ்டமில்லை. உள்ளே இழுப்பதுதான் கஷ்டம். உறிஞ்சும் பக்கத்தில் காற்று அழுத்தம் மட்டுமே எண்ணெயைத் தள்ளிவிடுகிறது. குழாய் குறுகலாகவோ எண்ணெய் கெட்டியாகவோ இருந்தால் பம்பின் வாயில் குமிழிகள் உண்டாகி, அழுத்தப் பக்கத்தில் அவை உடைந்து, முள் நடுங்கத் தொடங்கும். பம்பைப் பெரிதாக்கினால் இந்த நோய் இன்னும் குறைந்த வேகத்திலேயே வந்துவிடும்.

அதிகக் கொள்ளளவும் அதிக அழுத்தமும் ஒன்றல்ல என்பதைக் கட்டுரையாசிரியர் பிரித்துச் சொல்லியிருக்கலாம். கொள்ளளவு பல்சக்கரத்தின் அளவைப் பொறுத்தது. உச்ச அழுத்தம் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கைப் பொறுத்தது. தேவைக்கு மேல் தரும் பம்பு, மிச்சத்தை ரிலீஃப் வால்வு வழியாகத் தன் வாய்க்கே திருப்பிவிட்டு, அதே எண்ணெயைச் சுற்றிச் சுற்றி அரைத்துச் சூடேற்றும். அந்தச் சூட்டைத் தணிக்கக் கூலர் வாங்க வேண்டிவரும்.

பம்பில் உண்மையிலேயே பணம் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது பல்சக்கரங்களின் உலோகம். பெரும்பாலான தொழிற்சாலைப் பம்புகளின் உள், வெளிச் சக்கரங்கள் உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்யப்பட்டவை; சீராகச் சுழலும் வரை அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் முறுக்கிக்கொண்டு நிமிர்கிறது; அந்த முறுக்கதிர்வு மிக அதிகமாகத் தெரிவது கிராங்கின் மூக்கில், அதாவது பம்பு உட்கார்ந்திருக்கும் இடத்தில். 1989-இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடிஆர் காரின் ஆர்பி26 இன்ஜின் இதற்குப் பெயர்போன உதாரணம். அதன் தொடக்கக் கால கிராங்குகளில் பம்பைப் பற்றி ஓட்டும் தட்டைப் பகுதி மிகக் குறுகலாக இருந்தது. சக்தியைக் கூட்டி, சுழற்சி வேகத்துக்கு வரம்பிடும் ரெவ் லிமிட்டரில் அடிக்கடி மோதவிட்டு ஓட்டியவர்களுக்குப் பம்பின் சக்கரங்கள் விண்டு போயின. நிஸான் பின்னர் அந்தப் பகுதியை அகலமாக்கியது. பந்தயக்காரர்கள் முழு எஃகுக் கட்டியில் கடைந்த சக்கரங்களுக்கு மாறினார்கள். நம் ஊரில் எடையைக் குறைப்பதாகச் சொல்லி, ரப்பர் வளையத்துடன் கூடிய கிராங்க் புல்லியைக் கழற்றிவிட்டு மெல்லிய அலுமினியப் புல்லியைப் போடுகிறார்கள். அந்த ரப்பர் வளையம்தான் முறுக்கதிர்வைத் தின்றுகொண்டிருந்தது. அதைக் கழற்றியவர் பம்பின் ஆயுளையும் சேர்த்துக் கழற்றுகிறார் என்றே நான் சொல்வேன்.

இனிச் சேம்பருக்கு வருகிறேன். கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாத இடம் இது. கார் ஒரு வளைவில் புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையைத் தாங்கித் திரும்பும்போது, சேம்பரில் உள்ள எண்ணெயின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்கிறது. நல்ல பந்தய டயர் போட்ட கார் இந்த விசையை எளிதில் எட்டிவிடும். எஸ்டீம் இன்ஜினுக்குத் தேவை ஏறத்தாழ மூன்றரை லிட்டர். ஓடும்போது அதில் ஒரு பங்கு ஹெட்டிலும் வழிகளிலும் காற்றில் தெறிக்கும் துளிகளிலும் இருக்கிறது. மீதி எண்ணெய் ஒரு பக்கச் சுவரில் ஏறி நின்றுகொண்டால், ஸ்ட்ரெய்னர் காற்றை இழுக்கிறது. 7,500 சுற்று என்பது ஒரு வினாடிக்கு 125 சுற்று. இரண்டு வினாடி வளைவில் 250 சுற்றுகளை கிராங்க் நுரையின் மேல் சுற்றித் தீர்க்கிறது. நேர்ப்பாதைக்கு வந்ததும் முள் மறுபடி 85-க்கு ஏறிவிடும். வளைவில் ஸ்டீயரிங்கோடு போராடிக்கொண்டிருக்கும் ஓட்டுநர் அந்த இடைவேளையைப் பார்ப்பதே இல்லை. அந்த இளைஞரின் கைபேசிப் படம் நேர்ப்பாதையில் எடுக்கப்பட்டது என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன்.

ஆகவே முதல் செலவு சேம்பருக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பதற்கு. ஸ்ட்ரெய்னரைச் சுற்றி ஒரு பெட்டி போலத் தகடுகளைப் பற்றவைத்து, உள்ளே வரும் எண்ணெயை அனுமதித்து வெளியேறும் எண்ணெயைத் தடுக்கும் ஒருவழிக் கதவுகளை அதில் பொருத்த வேண்டும். எந்தத் திசையில் கதவு வைப்பது என்பது இன்ஜின் காரில் எப்படி அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எஸ்டீமில் இன்ஜின் குறுக்காக இருப்பதால் வளைவில் எண்ணெய் கிராங்கின் நீளவாக்கில் ஓடும். பிரேக் அடிக்கும்போது அகலவாக்கில் ஓடும். அதே இன்ஜினை ஃபார்முலா காரில் நீளவாக்கில் பொருத்தினால் எல்லாம் மாறிவிடும். ஒரு காரில் நன்றாக ஓடிய சேம்பரை அப்படியே இன்னொன்றுக்கு நகலெடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான். கொள்ளளவைக் கூட்ட வேண்டுமானால் ஆழத்தைக் கூட்டாமல் பக்கவாட்டில் இறக்கைபோல அகலப்படுத்துவது நல்லது. நம் சாலைகளின் வேகத்தடைகள் ஆழமான சேம்பரை விட்டுவைப்பதில்லை, பந்தயக் காரைத் தளத்துக்கு ஓட்டியே கொண்டுபோகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் வாகனத்தில் மாற்றம் செய்வதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துவிடுவது நலம். எதுவும் செய்ய வசதியில்லை என்றால் டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கு மேலே அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுவது பழைய கைவைத்தியம். கிராங்கின் எடைக்கற்கள் எண்ணெயைத் தொட்டு நுரைக்க வைக்காத வரை அது உதவும்.

கிராங்குக்கும் சேம்பருக்கும் நடுவே வைக்கும் தடுப்புத் தட்டு இன்னொரு மலிவான பாகம். 75.5 ஸ்ட்ரோக் கொண்ட கிராங்கில் கன்ராட் பூட்டியிருக்கும் முளை, 7,500 சுற்றில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கிறது. அது கிளப்பும் காற்று எண்ணெயை மழையாக்கித் தன்னோடு சுழற்றிக்கொண்டே இருக்கும். தட்டு அந்தக் காற்றிலிருந்து கீழே தேங்கிய எண்ணெயைப் பிரித்துவைக்கிறது. ஸ்ட்ரெய்னருக்கும் சேம்பரின் தரைக்கும் இடையே 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மிகவும் ஒட்டினால் உறிஞ்சுவது தடைப்படும், மிகவும் விலகினால் காற்று புகும். சேம்பரை மாற்றியவர்கள் களிமண் உருண்டையைத் தரையில் வைத்து மூடித் திறந்து இதை அளந்துவிடலாம். ஸ்ட்ரெய்னர் குழாய் அதிர்வில் விரிசல் விடாமலிருக்க ஒரு தாங்கு பட்டை போடுவதும், பம்போடு சேரும் இடத்தில் புது ரப்பர் ஓ ரிங் போடுவதும் அவசியம். அந்த ஓ ரிங் கிழிந்தால் சேம்பர் நிறைய எண்ணெய் இருந்தும் பம்பு காற்றைக் குடிக்கும். சிலிகானைப் பற்றி ஒரு வார்த்தை: விளிம்பில் மெல்லிய இழையாகப் போதும். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே அதே அளவு பிதுங்குவது தெரிவதில்லை, அதுவே ஒரு நாள் உதிர்ந்து வலையில் போய் அமர்கிறது.

மேலே ஏற்றிய எண்ணெய் கீழே இறங்குவதையும் பார்க்க வேண்டும். பிஸ்டன் வளையங்களைக் கடந்து வரும் புகை கிராங்க் கேஸிலிருந்து மேலே ஏறுவதும், ஹெட்டிலிருந்து எண்ணெய் கீழே இறங்குவதும் பல இன்ஜின்களில் ஒரே துளைகள் வழியாகத்தான். புகை வலுத்தால் எண்ணெய் ஹெட்டிலேயே தேங்கிவிடும். நான் முன்பு சொன்ன ஆர்பி26 இன்ஜினில் இது பெரிய தலைவலி. அதற்காக ஹெட்டுக்குப் போகும் வழியில் அளவான துளையுள்ள கட்டுப்பாட்டு ஜெட்டைப் பொருத்துகிறார்கள். எண்ணெய் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள இன்ஜினில் யோசிக்காமல் இதைச் செய்யக் கூடாது. தாராளமான மூச்சுக் குழாயும் அதன் முனையில் எண்ணெயைப் பிடித்துவைக்கும் ஒரு கேட்ச் கேனும் எல்லா இன்ஜினுக்கும் நல்லது.

தடுப்புத் தகடுகள் போதாத வேகத்தில் ஓடுகிறவர்களுக்கு அடுத்த படி, எண்ணெயைச் சேமித்துவைக்கும் உருளை. ஒரு பிஸ்டனின் ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் எண்ணெயுமாக ஏறத்தாழ ஒன்று, இரண்டு, மூன்று லிட்டர் அளவுகளில் கிடைக்கும் இந்த உருளை, அழுத்தம் விழும் கணத்தில் தன்னிடமுள்ள எண்ணெயை பேரிங்குகளுக்குத் தள்ளிவிடுகிறது. இன்ஜினை இயக்குவதற்கு முன்பே வழிகளை நிரப்பவும் உதவுகிறது. அதற்கும் மேலே டிரை சம்ப். போர்ஷே 911 காரில் 1964-இலிருந்தே இருக்கும் இந்த முறையில், சேம்பரில் எண்ணெயைத் தேங்கவிடாமல் உறிஞ்சி எடுத்துத் தனித் தொட்டிக்கு அனுப்ப ஒரு பம்பு, தொட்டியிலிருந்து பேரிங்குகளுக்கு ஊட்ட இன்னொரு பம்பு. இது ஏதோ வெளிநாட்டு மந்திரம் என்று நினைக்க வேண்டியதில்லை. நம் திருவொற்றியூர் தொழிற்சாலையில் தயாரான பழைய வார்ப்பிரும்பு புல்லட் பைக்கில், கிராங்க் கேஸின் ஒரு பகுதியையே எண்ணெய் அறையாக்கி, ஊட்ட ஒரு பம்பும் உறிஞ்ச ஒரு பம்புமாக இதே தத்துவம்தான் தட்டிக்கொண்டிருந்தது. கார் இன்ஜினுக்கான டிரை சம்ப் தொகுப்பு, பழைய எஸ்டீம் காரையே வாங்கும் விலையைத் தாண்டும் என்பதால் இங்கே அதை விரித்துப் பேசவில்லை.

எண்ணெயின் தரத்துக்கு வருவோம். 100 டிகிரி வெப்பத்தில் 40-ஆம் தர எண்ணெயின் பாகுநிலை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரையிலும், 60-ஆம் தரத்தின் பாகுநிலை 21.9 முதல் 26.1 வரையிலும் இருக்க வேண்டும் என்பது எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்த அளவு. சூடு ஏற ஏற எல்லா எண்ணெயும் மெலிகிறது. 60-ஆம் தர எண்ணெய் 120 டிகிரிக்குப் போனால், 100 டிகிரியில் இருக்கும் 40-ஆம் தர எண்ணெயின் நிலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இருபது டிகிரியைக் குறைக்க முடிந்தவருக்கு இரண்டு தரம் கெட்டியான எண்ணெய் தேவைப்படாது. கெட்டியான எண்ணெய் மீட்டர் முள்ளை ஏற்றும். ஆனால் அதே அழுத்தத்தில் பேரிங் வழியாகப் போகும் அளவு குறையும், உள்ளே உராய்ந்து பிறக்கும் சூடு கூடும், காலையில் குளிர்ந்த இன்ஜினை முறுக்கினால் ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத எண்ணெய் நேராக உள்ளே போகும். 0.045 மில்லிமீட்டர் இடைவெளியில், 110 டிகிரியைத் தாண்டாமல் ஓடும் இன்ஜினுக்கு 40-ஆம் தரமே போதும். 120 வரை போகிறது என்றால் 50. என் பட்டறையில் 60-ஆம் தரம் கேட்பவரிடம் முதலில் பேரிங் இடைவெளியை எழுதிக் காட்டச் சொல்வேன்.

கூலர் வேண்டுமா என்பதை வெப்பமானி சொல்ல வேண்டும். எண்ணெய் போதிய சூடு ஏறாமலேயே ஓடினால் அதில் கலந்த நீரும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடும். எனவே ஏறத்தாழ 80 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ள இணைப்புத் தட்டு வழியாகவே கூலரை இணைக்க வேண்டும். குழாயின் அளவைக் குறிக்கும் டேஷ் எண், அதற்கு இணையான உலோகக் குழாயின் வெளிவிட்டம் அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பதைக் காட்டுகிறது. டேஷ் 8 குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர், டேஷ் 10 குழாய்க்கு ஏறத்தாழ 14. கெட்டியான எண்ணெய் சீராக ஓடும்போது தடை விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிராக மாறுவதால், இந்த மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் அழுத்த இழப்பை இரண்டரை மடங்குக்கு மேல் குறைக்கிறது. பளபளக்கும் வலை போட்ட மலிவான குழாய்களின் உள்ளே இருக்கும் ரப்பர் உரிந்து வழியை அடைத்ததைப் பார்த்திருக்கிறேன்; வலையின் பளபளப்பை விட உள்ளே இருக்கும் ரப்பரின் தரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை பேரிங் உருகிய இன்ஜினின் கூலரை மறுபடி பயன்படுத்தவே கூடாது. அதன் மெல்லிய தட்டுகளுக்கிடையே சிக்கிய உலோகத் துகளை எந்த மண்ணெண்ணெயும் முழுதாகக் கழுவாது. ஃபில்டருக்குப் பின்னால் கூலர் இருந்தால் அந்தத் துகள் நேரே புதிய பேரிங்குக்குப் போகும்.

டர்போ போட்டவர்களுக்கு மட்டும் ஒன்று: பால் பேரிங் டர்போவுக்கு எண்ணெய் போகும் வழியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஜெட் தேவை, திரும்பும் குழாயோ அகலமாக, எங்கும் மேடேறாமல், சேம்பரின் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இறங்க வேண்டும்.

தொழிற்சாலை பொருத்திய எச்சரிக்கை விளக்கு ஏறத்தாழ 5 பிஎஸ்ஐ அளவில்தான் எரியும். 7,000 சுற்றில் அது எரிந்தால் எச்சரிக்கை அல்ல, இரங்கல் செய்தி. வேகத்தோடு ஒப்பிட்டு அழுத்தத்தைப் பதிவுசெய்யும் சென்சாரும், 4,000 சுற்றுக்கு மேல் 40 பிஎஸ்ஐக்குக் கீழே விழுந்தால் எரியும் பெரிய விளக்கும் மீட்டரை விடப் பயனுள்ளவை. புதிதாகக் கட்டிய இன்ஜினை இயக்குவதற்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எரிபொருளையும் நிறுத்தி, அழுத்தம் எழும் வரை ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். பம்பின் சக்கரங்களைப் பூட்டும்போதே வாஸலின் பூசியிருந்தால் அது உடனே எண்ணெயைப் பிடிக்கும். முதல் ஓட்டம் முடிந்ததும் ஃபில்டரை வெட்டித் திறந்து, தாளை விரித்து வெயிலில் பார்த்துவிடுங்கள்.

அந்த எஸ்டீம் இன்ஜினை இப்போது மறுபடி கட்டியிருக்கிறோம். மெயின் பேரிங்குக்கு 0.048, கன்ராட் பேரிங்குக்கு 0.044 மில்லிமீட்டர் இடைவெளி. பம்பு தொழிற்சாலைப் பம்பேதான், புதியது; ஸ்பிரிங்குக்கு அடியில் இருந்த வாஷரை எடுத்துவிட்டோம். சேம்பருக்குள் இரண்டு ஒருவழிக் கதவுகளோடு தடுப்புப் பெட்டி, ஸ்ட்ரெய்னர் குழாய்க்குத் தாங்கு பட்டை, பழையதில் பாதி அளவுள்ள புதிய கூலர், தெர்மோஸ்டாட், 15டபிள்யூ50 எண்ணெய். சென்ற மாதம் பந்தயத் தளத்தில் இருபது சுற்று ஓடியதில் நேர்ப்பாதையின் முடிவில் 72 பிஎஸ்ஐ. மிக நீளமான வளைவில் பதிவான மிகக் குறைந்த அளவு 58. பழைய மீட்டரின் 85-ஐப் பார்க்க முடியவில்லையே என்ற வருத்தம் அந்த இளைஞருக்குக் கொஞ்சம் இருக்கிறது. உருகிய பேரிங்கையும் அந்த இரண்டு சிலிகான் துண்டுகளையும் என் மேசை மேல் ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்திருக்கிறேன். கட்டுரையாசிரியர் கோவைப் பக்கம் வந்தால் வந்து பார்க்கலாம்.

இங்ஙனம்,
இன்ஜின் பட்டறை நடத்தும் வாசகர்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.